மேருவும் முக்கோணமும்: எண் வரலாற்றில் ஒரு திருத்தம்

முன்னுரை

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவுகண்டு மலர் வெளியிடும் இவ்வேளையில், இலக்கணத்தையோ காப்பியத்தையோ விடுத்து எண்களைப் பற்றிக் கட்டுரை வரைவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இதற்கு ஒரு காரணம் உண்டு. வட்டத்தின் மூன்றாம் ஆண்டு விழாவில் 'யாப்பும் கணக்கும்' என்ற பொருளில் உரையாற்றும் வாய்ப்பு எனக்கு அளிக்கப்பட்டது. அவ்வுரையில், "பாஸ்கல் முக்கோணம் என்று உலகம் புகழ்வது பாஸ்கலுடையதன்று, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிங்கலர் அதை வரைந்து வைத்துவிட்டார், மேலைநாட்டார் அதைத் தம் பெயரில் எழுதிக்கொண்டனர்" என்று முழங்கினேன். அரங்கம் கைதட்டியது.

கூட்டம் கலைந்தபின், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். "அம்மா, அந்தச் சூத்திரத்தைத் தாங்கள் நேரில் படித்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். ஏதோ ஒரு நூலில் கண்டதாகச் சொல்லி மழுப்பினேன். உண்மையில் நான் படித்திருக்கவில்லை. பிறர் எழுதியதைப் பிறர் எடுத்தாண்டதிலிருந்து எடுத்தே பேசினேன். முனைவர் பட்டத்திற்காக மூலபாடத்தை நேரில் நோக்காமல் ஒரு வரியும் எழுதாத நான், மேடையில் அவ்வொழுக்கத்தைக் கைவிட்டிருந்தேன். அப்பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையே இக்கட்டுரை.

முக்கோணத்தின் அமைப்பு

முதலில் அம்முக்கோணம் யாதெனக் காண்போம்.

1
1 1
1 2 1
1 3 3 1
1 4 6 4 1
1 5 10 10 5 1

இதனை அமைக்கும் விதி மிக எளிது. உச்சியில் ஒன்று. ஒவ்வொரு வரிசையின் இரு ஓரங்களிலும் ஒன்று. இடையில் வரும் எண் ஒவ்வொன்றும் தனக்கு மேலே உள்ள அடுத்தடுத்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. மூன்றும் மூன்றும் கூட ஆறு. ஒன்றும் நான்கும் கூட ஐந்து. நான்கும் ஆறும் கூடப் பத்து. கூட்டல் மட்டுமே தெரிந்த குழந்தையும் இம்முக்கோணத்தை எத்துணை வரிசைகள் வரையிலும் நீட்டிச் செல்ல இயலும். வரிசைகளின் கூட்டுத்தொகைகளை நோக்கின் 1, 2, 4, 8, 16, 32 என அவை இரட்டித்துச் செல்வதையும் காணலாம்.

இவ்வெண்கள் எதனை எண்ணுகின்றன? நமக்கு நன்கு பழகிய யாப்பிலக்கணத்திலிருந்தே இதனை விளக்கலாம்.

காயும் கனியும்

நேர், நிரை என்னும் இரண்டு அசைகளால் சீர்கள் அமைகின்றன. ஓரசைச்சீர் நாள், மலர் என இரண்டு. ஈரசைச்சீர் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என நான்கு. மூவசைச்சீர் காய் நான்கும் கனி நான்குமாக எட்டு. நாலசைச்சீர் பூவும் நிழலும் இறுதியாக வரப் பதினாறு. ஆக முப்பது சீர்களுக்கும் வாய்பாடு வகுத்துத் தந்துள்ளது நம் யாப்பு மரபு. 2, 4, 8, 16 என்னும் இத்தொகைகள் மேற்கண்ட முக்கோணத்தின் வரிசைத் தொகைகளே.

இனி மூவசைச்சீர் எட்டினையும் அவற்றில் வரும் நிரையசைகளின் எண்ணிக்கையைக் கொண்டு பிரித்து நோக்குவோம். நிரையே இல்லாதது தேமாங்காய் ஒன்று. ஒரு நிரை உடையவை புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி என மூன்று. இரண்டு நிரை உடையவை கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி என மூன்று. மூன்றும் நிரையாவது கருவிளங்கனி ஒன்று. 1, 3, 3, 1 என்பது முக்கோணத்தின் நான்காம் வரிசையன்றோ?

கூட்டல் விதியும் இங்கேயே புலப்படுகிறது. ஒரே நிரை கொண்ட மூவசைச்சீர் மூன்று என்றோம். அவை இருவழிகளில் பிறக்கின்றன. முன்னமே ஒரு நிரை கொண்ட புளிமா, கூவிளம் ஆகிய இரண்டும் காய் என்னும் நேரசையை ஏற்றுப் புளிமாங்காய், கூவிளங்காய் ஆகின்றன. நிரை இல்லாத தேமா ஒன்று மட்டும் கனி என்னும் நிரையசையை ஏற்றுத் தேமாங்கனி ஆகிறது. இரண்டும் ஒன்றும் கூட மூன்று. மேலுள்ள இரண்டு எண்களைக் கூட்டினால் கீழெண் வருவதன் காரணம் இதுவே. காயாக முடிவன ஒருபுறமிருந்தும் கனியாக முடிவன மறுபுறமிருந்தும் வந்து ஓரிடத்தில் சேர்கின்றன. நாலசைச்சீர் பதினாறும் இவ்வாறே 1, 4, 6, 4, 1 எனப் பகுபடும்.

ஆண்டுதோறும் சீர் வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதிவந்தும், இதனை நானாகக் கண்டேனல்லேன். பகுதி இரண்டு தமிழ் வகுப்பில் அமர்ந்திருந்த கணிதப் பிரிவு மாணவி ஒருத்தியே ஒருநாள் எழுந்து சுட்டிக்காட்டினாள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நம் இலக்கணிகள் சீர்களைக் குறைவின்றியும் மிகையின்றியும் எண்ணி முடித்தனர் என்பது உண்மை. அவற்றை நிரையின் எண்ணிக்கையால் பகுத்து முக்கோணமாக அடுக்கினர் என்று கூற என்னிடம் சான்றில்லை. மேலே செய்த பகுப்பு இன்றைய வாசகருக்காகச் செய்யப்பட்டது. பழையோர் மீது ஏற்றிச் சொல்லத்தக்கதன்று.

பிங்கலரும் அலாயுதரும்

வடமொழி யாப்பில் அசைக்கு ஒப்பான கூறுகள் இலகு, குரு என்பன. குற்றெழுத்தளவு இலகு, நெட்டெழுத்தளவு குரு. குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள எழுத்துகளால் ஆன ஓர் அடியில் இலகுவும் குருவும் எத்தனை வகையாக மாறி வரக்கூடும்? அவற்றுள் இத்தனை குரு உடையவை எத்தனை? இவ்வினாக்களை எழுப்பி விடை காண முனைந்தவர் சந்தச் சூத்திரம் இயற்றிய பிங்கலர். அவர் காலத்தைக் கி.மு. மூன்றாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டெனப் பெரும்பாலோர் கருதுவர். நூலின் எட்டாம் அதிகாரத்து இறுதிப் பகுதியில், எல்லா வகைகளையும் வரிசையாக விரித்தெழுதும் முறையும், வரிசையெண்ணைக் கொண்டு வடிவத்தையும் வடிவத்தைக் கொண்டு வரிசையெண்ணையும் காணும் முறைகளும், மொத்தத் தொகை காணும் முறையும் சொல்லப்படுகின்றன. இவை மட்டுமே அவருக்கு அழியாப் புகழ் தரப் போதுமானவை.

ஆனால் முக்கோணம்? அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது இரண்டே சொற்களாலான மிகச் சிறிய சூத்திரம். அதில் மேரு என்னும் பெயரும் இல்லை, கட்டங்களும் இல்லை, கூட்டல் விதியும் வெளிப்படையாக இல்லை. அச்சொற்களுக்கு முக்கோணப் பொருளைத் தெளிவாக விரித்துரைத்தவர், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப்பின் கி.பி. பத்தாம் நூற்றாண்டில் 'மிருதசஞ்சீவினி' என்னும் உரை வரைந்த அலாயுதர். மேலே ஒரு கட்டம் வரைந்து, அதன் கீழே இருபுறமும் பாதி பாதி நீட்டி இரண்டு கட்டங்களும், அதன் கீழே மூன்று கட்டங்களும் எனத் தொடர்ந்து வரைய வேண்டும். ஓரக் கட்டங்களில் ஒன்று இடவேண்டும். இடைக் கட்டத்தில் மேலிரு கட்டங்களின் கூட்டுத்தொகையை இடவேண்டும் என்று ஐயத்திற்கு இடமின்றி அவர் விளக்குகிறார். மலைபோல் குவிந்து விரிவதால் இதற்கு 'மேருப் பிரத்தாரம்' எனப் பெயர். பிரத்தாரம் என்பது விரிப்பு எனப் பொருள்படும்.

சூத்திரகாரர் கருத்தையே உரைகாரர் மரபுவழி பெற்று விளக்கினார் என்று கொள்வாரும் உளர். உரைகாரர் தம் காலத்து அறிவைச் சூத்திரத்தின் மேல் ஏற்றினார் என்று கொள்வாரும் உளர். தொல்காப்பியத்தையும் இளம்பூரணரையும் நச்சினார்க்கினியரையும் பயின்ற நமக்கு இச்சிக்கல் புதியதன்று. நூற்பா வேறு, உரை வேறு என்பதை முதலாண்டு மாணவருக்கு வலியுறுத்தும் நான், மேடையில் அலாயுதரின் உரையைப் பிங்கலரின் வாயில் வைத்தேன். இதுவே நான் செய்த முதற் பிழை. பிங்கலரைப் பெரிதாக்க முனைந்து அலாயுதரை மறைத்துவிட்டேன்.

மணமும் சுவையும்

இவ்வெண்கள் யாப்பில் மட்டும் நின்றனவல்ல. கி.பி. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் 'பிருகத் சங்கிதை'யில் நறுமணப் பொருள்கள் கூட்டுவதைப் பற்றிப் பேசுகிறார். பதினாறு பொருள்களிலிருந்து நான்கு நான்காகத் தெரிந்தெடுத்தால் 1820 கூட்டுகள் அமையும் என்பது அவர் தரும் கணக்கு. ஒன்று முதலான எண்களை வரிசையாக நிறுத்தி, முன்னுள்ளவற்றைக் கூட்டிக் கூட்டி அடுத்த வரிசையைப் பெறுவதே இதற்கு வழி. அவ்வாறு பெறும் வரிசைகள் மேருவின் சாய்ந்த வரிசைகளே.

அறுசுவையை ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் கூட்டினால் எத்தனை சுவை பிறக்கும் என்பது பண்டை மருத்துவரின் வினா. 6, 15, 20, 15, 6, 1 என விடைகள் வந்து, மொத்தம் 63 ஆகும். சுசுருத சங்கிதை இத்தொகையைக் கூறுகிறது. 1150இல் 'லீலாவதி' இயற்றிய பாஸ்கரர் இச்சுவைக் கணக்கையே மாணாக்கருக்கு எடுத்துக்காட்டாக வைத்தார். அவருக்கு மூன்று நூற்றாண்டுகள் முன்னரே, இராட்டிரகூட மன்னர் அமோகவர்சர் காலத்துச் சமணக் கணிதர் மகாவீரர், மேருவை வரையாமலே பெருக்கலாலும் வகுத்தலாலும் இவ்வெண்களைப் பெறும் பொதுவிதியைத் தம் 'கணித சார சங்கிரக'த்தில் தந்திருந்தார்.

யாப்பின் மற்றொரு வினா, எழுத்தை விடுத்து மாத்திரையை எண்ணுவது. இலகு ஒரு மாத்திரை, குரு இரண்டு மாத்திரை எனின், ஐந்து மாத்திரை அளவுள்ள அடி எத்தனை வகைப்படும்? குருவே இல்லாதது ஒன்று, ஒரு குரு உடையவை நான்கு, இரண்டு குரு உடையவை மூன்று, ஆக எட்டு. ஒன்று, நான்கு, மூன்று என்பவை மேருவில் சாய்வாகச் செல்லும் ஒரு கோட்டின் மேல் நிற்கும் எண்கள். மாத்திரை ஒன்று முதலாகத் தொகைகளை எழுதினால் 1, 2, 3, 5, 8, 13 என வரும். விரகாங்கர், கோபாலர், ஏமச்சந்திரர் ஆகிய யாப்பறிஞர்கள் கண்டுரைத்த இத்தொடரை, 1202இல் நூல் எழுதிய இத்தாலியர் ஃபிபொனாச்சியின் பெயரால் உலகம் அழைக்கிறது.

பாக்தாதும் சீனமும்

என் இரண்டாம் பிழை, இக்கதையில் இந்தியாவும் ஐரோப்பாவும் மட்டுமே உள்ளன என்று எண்ணியது. அலாயுதருக்கு ஏறத்தாழச் சமகாலத்தில் பாக்தாதில் வாழ்ந்த அல் கராஜி என்பார், இரண்டு உறுப்புகளின் கூட்டுத்தொகையை மீண்டும் மீண்டும் பெருக்கும்போது தோன்றும் எண்களாக இம்முக்கோணத்தைக் கண்டார். அவருடைய அந்த நூல் கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல் சமவால் என்னும் கணிதர், பன்னிரண்டாம் அடுக்கு வரை நீண்ட அம்முக்கோணத்தைத் தம் நூலில் எடுத்தெழுதி, இது அல் கராஜியினுடையது என்றும் குறித்துவைத்தார். அவர் அவ்வாறு பெயர் சுட்டியிராவிடின் அல் கராஜியின் இப்பணியை நாம் அறிந்திருக்க மாட்டோம். பாவாணராக நாம் அறிந்த உமர் கய்யாமும் உயர் அடுக்குகளின் மூலங்களைக் காணும் முறை பற்றித் தாம் எழுதியதாகக் குறிப்பிடுகிறார். ஈரான் நாட்டில் இம்முக்கோணம் கய்யாமின் பெயரால் வழங்குகிறது.

சீனத்தில் பதினோராம் நூற்றாண்டினரான ஜியா சியான், மூலங்களைக் காண்பதற்கு இம்முக்கோணத்தைப் பயன்படுத்தினார். அவருடைய நூலும் அழிந்தது. 1261இல் யாங் ஹுய் என்பார் அதனைத் தம் நூலில் வரைந்து, ஜியா சியானின் முறை எனக் கூறிச் சென்றார். 1303இல் ஜு ஷிஜியே எட்டாம் அடுக்கு வரை விரித்து வரைந்து, அதற்குப் 'பழைய முறை' என்றே தலைப்பிட்டார். எனினும் சீன மாணவர்கள் இன்று இதனை யாங் ஹுய் முக்கோணம் என்றே கற்கின்றனர். தமக்குரியதன்று என்று ஒருவர் எழுதிவைத்தும், பெயர் அவர்மேலேயே ஏறிவிட்டது.

ஒருவரிடமிருந்து மற்றவர் பெற்றனர் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இந்தியர் செய்யுளை எண்ணினர். அரபு மொழியினர் அடுக்குகளை விரித்தனர். சீனர் மூலங்களைத் தேடினர். வெவ்வேறு வாயில்களின் வழியே நுழைந்தவர்கள் ஒரே மண்டபத்தில் வந்து நின்றனர்.

பாஸ்கல் செய்ததென்ன?

ஐரோப்பாவிலும் பாஸ்கல் முதல்வரல்லர். 1527இல் ஜெர்மானியர் அப்பியன் தம் கணக்கு நூலின் முகப்பிலேயே இம்முக்கோணத்தை அச்சிட்டார். 1544இல் ஸ்டீஃபெலும் 1556இல் இத்தாலியர் தர்த்தாலியாவும் இதனை வெளியிட்டனர். இத்தாலியில் இது தர்த்தாலியா முக்கோணம்.

அங்ஙனமாயின் பாஸ்கல் செய்ததென்ன? 1623இல் பிறந்து முப்பத்தொன்பதே ஆண்டுகள் வாழ்ந்த அப்பிரெஞ்சு அறிஞர், 1654இல் ஃபெர்மா என்னும் கணிதருடன் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார். இடையில் நின்றுபோன சூதாட்டத்தில் பணயத்தைப் பங்கிடுவது எவ்வாறு என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா. ஒருவனுக்கு வெற்றிபெற இன்னும் இரண்டு ஆட்டங்களும் மற்றவனுக்கு மூன்று ஆட்டங்களும் தேவை எனக் கொள்வோம். இன்னும் நான்கு ஆட்டங்களுக்குள் முடிவு தெரிந்துவிடும். நான்கு ஆட்டங்கள் பதினாறு வகையாக முடியலாம். அவை 1, 4, 6, 4, 1 எனப் பகுபடும். முதலாமவன் இரண்டோ மூன்றோ நான்கோ வெல்லும் வகைகள் 6, 4, 1 ஆகப் பதினொன்று, எஞ்சியவை ஐந்து. ஆகவே பணயத்தைப் பதினொன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் பிரிக்க வேண்டும். நம் நாலசைச்சீர் பதினாறும் இங்கே ஆட்டக் களத்தில் வந்து நிற்கக் காண்கிறோம். நிகழ்தகவு என்னும் கணிதத்துறை இக்கடிதங்களிலிருந்தே உருப்பெற்றது.

அதே ஆண்டில் பாஸ்கல் 'எண்கணித முக்கோணம்' பற்றித் தனி நூலொன்று எழுதினார். அவர் மறைவுக்குப்பின் 1665இல் அது வெளிவந்தது. அதில் அவர் முக்கோணத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. தம் பெயரையும் அதற்குச் சூட்டவில்லை. முக்கோணத்தின் இயல்புகளை ஒவ்வொன்றாக வகுத்து, முதல் வரிசைக்கு உண்மை என்றும், ஒரு வரிசைக்கு உண்மையாயின் அடுத்ததற்கும் உண்மை என்றும் காட்டி, எல்லா வரிசைகளுக்கும் நிறுவினார். கணிதத் தொகுத்தறிதல் என்னும் இவ்வாய்வு முறை தெளிவாக எடுத்துரைக்கப்பட்ட தொடக்கநூல்களுள் இதுவும் ஒன்று. பத்து வரிசைகள் வரைந்து சரி பார்ப்பது வேறு. வரையப்படாத வரிசைக்கும் அது பொருந்தும் என நிறுவுவது வேறு.

பெயர் சூட்டியவர்கள் பின்வந்தோரே. 1708இல் மோன்மோர் இதனைப் பாஸ்கலின் அட்டவணை என்றார். 1730இல் டி மாய்வர் இலத்தீனில் 'பாஸ்கலின் எண்கணித முக்கோணம்' என்று எழுதினார். அப்பெயர் நிலைத்தது. "தம் பெயரில் எழுதிக்கொண்டனர்" என்று நான் மேடையில் சாட்டிய குற்றம் பாஸ்கல் செய்யாதது. இது என் மூன்றாம் பிழை.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், இம்முக்கோணத்திற்குத் தனியொரு தந்தை இல்லை என்பது விளங்கும். பிங்கலர் வினாவை எழுப்பினார். அலாயுதர் வடிவத்தைத் தெளிவுற வரைந்தார். அல் கராஜியும் ஜியா சியானும் வேறு பயன்களுக்காக அதனை அமைத்தனர். பாஸ்கல் நிறுவலைத் தந்தார். அலாயுதரின் மேருவைப் போற்றுவதற்குப் பாஸ்கலைக் கள்வராக்க வேண்டுவதில்லை. பொய்ப்பெருமை நம் முன்னோருக்கும் இழுக்கே. மிகையாகச் சொன்ன ஒன்று பொய்யெனத் தெரிந்ததும், கேட்டவர் உண்மையாகச் சொன்ன ஒன்பதையும் ஐயுறத் தொடங்குவர்.

இவ்வரலாற்றில் என் உள்ளத்தைத் தொட்டவர்கள் பெயர் பெற்றவர்களல்லர். பிறர் பெயரைக் காத்தவர்கள். அல் சமவால் எழுதியிராவிடின் அல் கராஜியை இழந்திருப்போம். யாங் ஹுய் எழுதியிராவிடின் ஜியா சியானை இழந்திருப்போம். "இது என்னுடையதன்று, இன்னாருடையது" என்று எழுதிய ஒரு குறிப்பே நூற்றாண்டுகளைக் கடந்து வந்து வரலாறாகியுள்ளது.

ஆதலின் நானும் ஒரு குறிப்பு எழுதி முடிக்கிறேன். மூவசைச்சீரில் 1, 3, 3, 1 என்பதைக் கண்டது என் மாணவி. மூலத்தை நேரில் படித்தீர்களா என்று கேட்டவர் மூன்றாம் ஆண்டு விழாவில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த கணித ஆசிரியர். அன்று கைதட்டிய அவையினரிடம் என் கூற்றைத் திரும்பப் பெறுகிறேன். ஐயா, இப்போது படித்துவிட்டேன்.